சாவி யாரிடம்?



காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் எங்கள் ஊர் செம்மேடு. கொல்லிமலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் வல்வில் ஓரி சிலை முன்னால் நின்று போட்டோ எடுத்திருப்பீர்கள். அந்த ஊர்க்காரன்தான் நான்.

மலர்க்குழுத் தோழர்கள் "ஒரு கவிதை குடுடா" என்றார்கள். எனக்குக் கவிதை வராது. தப்பு செய்ய நன்றாக வரும்! இறுதியாண்டு புராஜெக்டில் நான் செய்த இரண்டு தப்புகளை எழுதுகிறேன். அடுத்த ஆண்டு புராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்கு உதவட்டும்.

எங்கள் மலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். தை, மாசியில் பறிப்பு. எங்கள் தெருப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து மிளகை எடை போட்டு மொத்தமாக விற்பார்கள். யார் எத்தனை கிலோ கொடுத்தார்கள் என்ற கணக்கு நோட்டு என் அத்தையிடம் இருக்கும். அத்தைதான் பொருளாளர்.

"நோட்டு எதுக்கு அத்தே? போன்லயே கணக்கு வெச்சுக்கலாம்" என்றேன். செய்தும் கொடுத்தேன். எடை போடும் இடத்தில் ஒரு போன். அதைத் திறக்க எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மறந்துவிடக் கூடாதே என்று அதைச் சுவரில் சாக்பீஸால் வேறு எழுதி வைத்தேன். இது முதல் தப்பு.

மாசி மாதம் ஓர் அக்காவின் 12 கிலோ மிளகு வேறொருவர் பெயரில் ஏறியிருந்தது. மாற்றியது யார்? கம்ப்யூட்டரைக் கேட்டால் "குழு" என்றது. அதற்கு எல்லோரும் ஒரே ஆள்தானே! பழி பொருளாளர் தலையில் விழுந்தது. அத்தை யாரிடமும் சண்டை போடவில்லை. என்னைக் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"நோட்டா இருந்தா என் கையெழுத்தாவது சாட்சி சொல்லும். உன் பெட்டி என்ன சொல்லும் மருமவனே?"

மறுநாளிலிருந்து அத்தை எடை போடும் பக்கமே வரவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டும். ஆனால் பத்திருபது பேரின் பாஸ்வேர்டை நானே பத்திரமாகக் காப்பது என் அறிவுக்கு மீறிய வேலை. அதற்கென்றே கிளவுடில் சேவைகள் உண்டு. அமேசானின் காக்னிட்டோவை எடுத்துக்கொண்டேன். அதில் யூசர் பூல் என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அமேசான் 2016-இல் தொடங்கிய மும்பை மையத்தில் எங்கள் பதிவேட்டை வைத்தேன்.

இங்கேதான் இரண்டாவது தப்பு. அந்தப் பதிவேட்டை ஆளும் ரகசியச் சாவிகளைப் போன் ஆப்புக்குள்ளேயே எழுதி வைத்தேன். போதாக்குறைக்கு அந்தச் சாவிக்கு எல்லா அனுமதியும் கொடுத்திருந்தேன். விடுதி அறை நண்பன் என் ஆப்பைப் பிரித்து, சாவியை மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தான். அதை வைத்து யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம்!

எங்கள் சார் திட்டவில்லை. "பூட்டு வாங்கினே சரி. சாவியை ஏன்டா கதவு ஆணியிலேயே மாட்டுறே?" என்றார்.

சார் சொல்லித் தந்த வழி இது. போனில் எந்தச் சாவியும் இருக்கக் கூடாது. பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்கி, மறையாக்கம் செய்த இணைப்பில் நம் சர்வருக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. சர்வர்தான் காக்னிட்டோவிடம் 'அட்மின் இனிஷியேட் ஆத்' என்ற கட்டளையைக் கொடுக்கும். அனுமதி பெற்ற சாவியால் கையொப்பமிட்டு வந்தால்தான் காக்னிட்டோ அந்தக் கட்டளையை ஏற்கும். சாவி சர்வரை விட்டு வெளியே வராது. அந்தச் சாவிக்கும் தேவையான அனுமதி மட்டும் போதும்.

பழைய அமைப்பை அழித்துவிட்டு, புதுச் சாவியோடு முதலிலிருந்து செய்தேன். ஆப் கிளையண்ட் அமைப்பில் இந்த வழிக்கான அனுமதியை 'டிக்' செய்ய மறந்ததில் அரை நாள் போயிற்று. இன்னொன்று: இந்த வழியில் பாஸ்வேர்டு நம் சர்வர் வழியாகப் போகிறது. அதைப் பதிவுக் கோப்பில் எழுதிவிடாதீர்கள். எழுதினால் மறுபடியும் சுவரில் சாக்பீஸ்தான்!

பாஸ்வேர்டு சரியென்றால் மூன்று டோக்கன் வரும். ஐடி டோக்கன் நீ யார் என்று சொல்லும். அக்சஸ் டோக்கன் பஸ் டிக்கெட் மாதிரி. நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒரு மணி நேரம் செல்லும். ரெஃப்ரெஷ் டோக்கன் நம்முடைய பஸ் பாஸ். அது 30 நாள். டிக்கெட் தீர்ந்தால் பாஸைக் காட்டிப் புது டிக்கெட் வாங்கலாம். பாஸை நான் சர்வரிலேயே வைத்துக்கொண்டேன். எடை போட்டவர் 'முடிச்சாச்சு' என்ற பொத்தானைத் தொட்டால் போன் அவரை மறந்துவிடும்.

இனி அத்தையை அழைத்து வரவேண்டும். போய் நின்றேன்.

"என் பேர்ல நான் மட்டும்தான் எழுத முடியுமா?"

"ஆமா அத்தே."

"நீ?"

"உங்க பாஸ்வேர்டு எனக்கே தெரியாது அத்தே. பதிவேட்டைப் பாத்தாலும் தெரியாது."

வந்தார். நாமே பதிவு செய்து கொடுக்கும் ஆளுக்கு முதலில் ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டுதான். முதல்முறை உள்ளே வரும்போது "புதுசு வை" என்று காக்னிட்டோ கேட்கும். அதற்குத் தரும் அவகாசம் வழக்கமாக 3 நிமிடம். அத்தை எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினார். நடுவில் டவர் போயிற்று. மூன்று நிமிடம் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து. அதுவும் போயிற்று.

"விடு சாமி, எனக்கு இதெல்லாம் வராது."

குறை அத்தையிடம் இல்லை. அந்த அவகாசத்தை 15 நிமிடம் வரை கூட்டலாம். நான்தான் பார்க்கவில்லை. கூட்டினேன். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மூன்றாவது முறை "வணக்கம்" என்ற சொல்லும் அதன் கீழே அத்தையின் பெயரும் திரையில் வந்தன. அத்தை தன் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். நாலு கிலோ மிளகைத் தன் பெயரில் ஏற்றிவிட்டு 'முடிச்சாச்சு' தொட்டார்.

அந்த 12 கிலோவை மாற்றியது யார் கை என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் வழி வைக்கவில்லை. குழுவே நஷ்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அத்தை மறுபடி உறுப்பினரானார். பொருளாளர் பொறுப்பை மட்டும் ஏற்கவே இல்லை.

புராஜெக்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. தம்பி தங்கைகளே, பாஸ்வேர்டு கேட்கும் அந்தச் சின்னப் பெட்டியை ஏனோதானோவென்று செய்யாதீர்கள். அங்கே ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். சாவியைச் சர்வரில் வையுங்கள். கையெழுத்தை அவரவரிடமே விடுங்கள்.

— மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை