வாய்க்குள் மூன்று மடிப்பு

திரேஸ்புரத்தில் கடலை விட்டு நாலு தெரு உள்ளே தள்ளியிருக்கிறது அந்தக் கிட்டங்கி. உள்ளே இருப்பது சங்கு என்பதை வாசலுக்கு வருமுன்பே வாடை சொல்லிவிடும். சதையை இழுத்து எடுத்த பிறகும் சுழலின் கடைசி மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது அழுகித் தீரும்வரை வாடை போகாது. பூஜை அறையில் வெள்ளைவெளேரென்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அங்கே குவிந்து கிடப்பவை சங்கென்றே தோன்றாது. கடலிலிருந்து வரும் சங்கு பழுப்பு நிறம். ஓட்டின்மேல் தோல் ஒன்று போர்த்தியிருக்கும். வெயிலில் காய்ந்ததும் அது வெடித்துச் செதில் செதிலாக உதிரும்.

குவியலுக்கு முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த அண்ணாச்சி இளவயதில் குளியாளி. காது பழுதான பிறகு கடலுக்குப் போவதை நிறுத்தி, தரம் பிரிக்க வந்தவர். கைக்கொன்றாக இரண்டு சங்கை எடுப்பார், ஒன்றோடொன்று லேசாகத் தட்டுவார், இடப்பக்கமோ வலப்பக்கமோ போடுவார். காது மந்தமானவர் ஓசையை வைத்து எப்படிப் பிரிக்கிறார் என்று கேட்டேன். "ஓசை காதுக்கு மட்டுமா வருது தம்பி? வெரலுக்கும் வருதுல்லா" என்றார். நானும் தட்டிப் பார்த்தேன். நல்ல சங்கில் அதிர்வு உள்ளங்கை வரை ஓடியது. சொத்தைச் சங்கில் தட்டிய இடத்திலேயே நின்றுவிட்டது.

"தோலு முழுசா இருந்தா உயிரோட எடுத்தது. வெளுத்துக் கெடந்தா செத்து மண்ணுல கெடந்தது. அதுல பூச்சி ஓட்டை போட்டிருக்கும். வளையலுக்கு அறுத்தா அந்த எடத்துல பொரிஞ்சு போயிரும்" என்று ஒரு சங்கைத் திருப்பிக் காட்டினார். குண்டூசி முனை அளவில் வரிசையாகத் துளைகள். செத்த ஓட்டைத் துளைத்துக் குடியேறும் கடற்பஞ்சுகளும் புழுக்களும் செய்த வேலை அது. மேலே சின்னதாகத் தெரியும் துளை உள்ளே சுவர் முழுக்கக் கிளை விட்டிருக்கும். மெழுகும் சுண்ணாம்பும் வைத்து அடைத்து, பளபளப்பாக்கி விற்கிறவர்கள் உண்டு. நகத்தால் சுரண்டினால் அடைப்பு பெயர்ந்து வரும்.

மன்னார் வளைகுடாவில் எடுப்பதை ஜாதிச் சங்கு என்கிறார்கள், பாக் விரிகுடாப் பக்கத்ததைப் பட்டிச் சங்கு என்கிறார்கள். பட்டி குட்டையாக, வயிறு பெருத்திருக்கும். ஜாதியின் உச்சி நீண்டிருக்கும். வளையல் தொழிலில் ஜாதிக்கே மதிப்பு. அதில் பெரும்பகுதி வங்காளத்துக்குப் போகிறது. அங்கே திருமணமான பெண்கள் கையில் போடும் வெள்ளைச் சங்கு வளையலுக்கு நம் கடல்தான் பல நூற்றாண்டுகளாகச் சரக்கு அனுப்புகிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். கொற்கையில் ரம்பத்தால் அறுத்த பழைய சங்குத் துண்டுகளைக் கண்டு, வளையல் அறுக்கும் பட்டறைகள் ஒரு காலத்தில் இந்தக் கரையிலேயே இருந்தன என்று காட்டியவரும் அவர்தான். அந்தக் கைவேலை இங்கிருந்து போய், சரக்கு ஏற்றுவது மட்டும் மிஞ்சியது எனக்குத் தீராத வருத்தம்.

நான் போயிருந்தபோது வெளியூர்க்காரர் ஒருவர் துணிப்பையோடு வந்தார். பட்டுத்துணியில் சுற்றிய சங்கு. ஆன்லைனில் பெரிய தொகை கொடுத்து வாங்கிய வலம்புரியாம். சான்றிதழும் கூடவே வந்திருந்தது. அண்ணாச்சி சான்றிதழைத் தொடவே இல்லை. சங்கைக் கையில் வாங்கி ஒருமுறை எடை பார்த்ததுமே அவர் முகம் மாறியது.

வால் போலக் குறுகும் முனையை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், வாய் வலப்பக்கம் இருப்பது வலம்புரி. இந்தக் கணக்கின்படி வந்தவருடையது வலம்புரிதான். சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. அண்ணாச்சி டார்ச்சை வாய்க்குள் அடித்தார். சங்கின் சுழல் முழுவதும் நடுவில் ஒரு தூணைச் சுற்றித்தான் ஏறுகிறது. நம் கடல் சங்கில் அந்தத் தூணின்மேல் மூன்று மடிப்புகள், சிலவற்றில் நான்கு, திருகி உள்ளே போகும். பக்கத்தில் கிடந்த சாதாரண இடம்புரி ஒன்றை எடுத்து என் விரலை உள்ளே விடச் சொன்னார். மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று தெளிவாகத் தட்டுப்பட்டது. வந்தவருடைய சங்கில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. தூண் மொழுமொழுவென்று இருந்தது.

அது மெக்ஸிகோ வளைகுடாவிலும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் வாழும் வேறொரு நத்தையின் ஓடு. அந்த இனத்தில் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் சுழலும். டெக்சாஸ் மாநிலம் 1987இல் அதைத் தன் மாநிலச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்தது. அங்கே அலையடிக்கும் கரையில் பொறுக்கலாம். நம் இனத்திலோ லட்சக்கணக்கில் எடுத்தால் ஒன்று வலம்புரியாக அமையும் என்பது கடற்கரைப் பேச்சு. இந்த இடைவெளியில்தான் மோசடி நடக்கிறது. அமெரிக்க ஓட்டின் தோளில் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். அதை அரைத்து மழுக்கி, பழுப்புக் கோடுகளை ஆசிட்டில் கரைத்து வெளுக்கிறார்கள். தோள் வளைவில் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால் அரைத்த தட்டை தெரியும். அண்ணாச்சி அந்த இடத்தைக் காட்டியபோது வந்தவர் ஒன்றும் பேசவில்லை.

காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கும், அரிசியில் வைத்தால் தானாக நகரும் என்று விற்பவர்கள் சொல்லும் சோதனைகளுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. உள்ளே வெற்றிடம் உள்ள எந்தப் பொருளும் காதில் இரையும், சொம்பு உட்பட. எடை பார்க்க வேண்டும், தூணைப் பார்க்க வேண்டும். வாயைப் பட்டையோ வெள்ளிக்கவசமோ போட்டு மூடியிருந்தால், கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும்.

பின்கட்டில் ஊதுசங்கு வேலை நடந்துகொண்டிருந்தது. அபிஷேகத்துக்கான சங்கில் உச்சியை வெட்டுவதில்லை. ஊதுவதற்கானதில் உச்சியை வெட்டித் துளை திறக்க வேண்டும். தொழிலாளி ஒரே வெட்டில் திறக்கவில்லை. மயிரிழை மயிரிழையாக அரைக்கல்லில் தேய்த்து, தண்ணீரில் முக்கி, உதட்டில் வைத்து ஊதி, மறுபடி தேய்த்தார். ஒரு சுற்று கூடுதலாகத் தேய்ந்தால் துளை அகன்று காற்று உதட்டோரம் கசியும். பிறகு அந்தச் சங்கு வீண். துளையின் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றி வந்து, நெருடும் இடத்தை மட்டும் மறுபடி கல்லில் வைத்தார். அவர் முகமெல்லாம் வெள்ளைத் தூள். மூக்கில் கட்டிய துண்டைத் தவிர வேறு காப்பு இல்லை.

தோல் எடுப்பதிலும் தரம் இருக்கிறது. ஆசிட்டில் ஊறப்போட்டால் நிமிடத்தில் வெளுக்கும். அதோடு ஓட்டின் மேலடுக்கும் போய், பீங்கான் மாதிரி செத்த வெண்மை வரும், வாயோரம் கூர்மை மழுங்கும். கையால் சுரண்டித் தேய்த்த சங்கில் வளர்ச்சிக் கோடுகள் மங்காமல் நிற்கும், வாய்க்குள் இளஞ்சிவப்புச் சாயலும் சிலவற்றில் மிஞ்சும். அதற்குப் பல மணி நேர உழைப்பு. விலை என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான், வாங்குபவர் வெண்மையை மட்டும் பார்ப்பதால்.

எனக்குப் பொறுக்காதது இதுதான். சுழல் மாறிப் பிறந்த ஒன்றுக்காகப் பணத்தைக் கொட்டுகிறார்கள். மடிப்பு மடிப்பாக ஒழுங்காக வளர்ந்த சங்கை எடுத்து வருபவனுக்கும், அதை ஊதவைப்பவனுக்கும் கூலி மட்டும். மூச்சடக்கி முங்கிய காலம் போய், இப்போது படகில் கம்ப்ரஸர், அதிலிருந்து குழாய், வாயில் கடித்த நுனி. காற்று வரும் நேரமெல்லாம் கீழேயே இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த காற்று குமிழியாகிக் கைகால் முடங்கும். அப்படி முடங்கியவர்களை அந்தத் தெருக்களில் பார்க்கலாம். ஆனாலும் சங்குப்பூ என்று குளியாளிகள் சொல்லும் முட்டைக்கூட்டைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டுவிடுவார்களாம். அரசே சங்குகுளியை நடத்திய காலத்தில் அளவு வளையத்துக்குள் நுழையும் சிறு சங்கைக் கடலிலேயே விட்டார்கள். முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோன இந்தக் கரையில் சங்கும் அப்படிப் போய்விடக் கூடாது.

இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஒரு மேசை போட்டு, உயிரியல் படித்த ஒருவரையும் கடலுக்குப் போவதை நிறுத்திய குளியாளி ஒருவரையும் சம்பளத்துக்கு உட்காரவைக்கலாம். கொண்டுவரும் சங்கின் எடை, தூணில் மடிப்பு, அரைத்த தடம், அடைத்த துளை, ஆசிட்டா கைவேலையா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "எழுத ஆளு வையுங்க, சொல்லுறதுக்கு நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு சங்கை எடுத்துத் தட்டினார்.