உகந்தைக்கு அப்பால் கடையில்லை

வற்றாப்பளையிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறேன் என்றதும் மகள் கேட்ட முதற் கேள்வி, "அம்மா, தண்ணிக்கு என்ன செய்வீங்கள்?" என்பதுதான். 2009 இல் இடம்பெயர்ந்து, பிறகு செட்டிகுளம் முகாமில் பவுசருக்கு வரிசையில் நின்ற பிள்ளை வேறெதைக் கேட்கும்!

இந்தப் பாதயாத்திரை யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்குகிறது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து நடப்பது தடைப்பட்டிருந்தது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கோயில் கோயிலாகத் தங்கிப் போவார்கள். பொத்துவில் வரை சோற்றுக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை. ஊர்ச்சனம் "வாங்கோ சாமி" என்று கூப்பிட்டுத் தரும். பிறகு பாணமை, உகந்தை முருகன் கோயில். அதற்கப்பால் குமண, யால காடு. ஆடித் திருவிழாவையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் பாதையைத் திறப்பார்கள். கதிர்காமம் சேர எங்களுக்கு ஆறு நாள் எடுத்தது.

பொத்துவிலில் பைகளைக் கொட்டிப் பார்த்தோம். நாங்கள் நான்கு பெண்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ பாரம். அதைச் சுமக்க வேண்டுமானால் வேறெதையாவது விட வேண்டும். ஒரு பானை போதும் என்று முடிவெடுத்தோம். அரிசி, பருப்பு, உப்பு, தேயிலை, சீனி. என் பையில் ஊரிலிருந்து கொண்டுவந்த புழுக்கொடியலும் எள்ளுருண்டையும். புழுக்கொடியல் அடுப்புக் கேட்காது, பழுதாகாது, இரண்டு துண்டு சப்பினால் மத்தியானம் வரை பசி தாங்கும். மாற்றுச் சேலைகளில் ஒன்றை உகந்தையில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். பழைய நூல் சேலையை மட்டும் விடவில்லை.

காட்டில் இப்போது சில இடங்களில் தண்ணீர்த் தாங்கி வைக்கிறார்கள். சனம் கூடினால் அதுவும் வெறுமைதான். கடலோரத்தில் உவர் நீர். எங்கள் அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும். ஆனால் உவரைக் குடிக்க முடியாது. துணியில் வடித்தாலும் கொதிக்கவைத்தாலும் உப்புப் போகாது.

கும்புக்கன் ஆற்றில் ஓடும் நீரை அள்ளாமல், கரை மணலில் ஒரு முழம் தோண்டினோம். முதலில் ஊறிய கலங்கலை இரண்டு முறை இறைத்து ஊற்றிவிட்டுப் பிறகு அள்ளினோம். சேலையை நான்காக மடித்து வடித்தோம். வங்காளதேசக் கிராமங்களில் இப்படிப் பழைய சேலையில் வடித்ததால் வாந்திபேதி பாதியளவு குறைந்ததாக 2003 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. துவைத்துத் துவைத்து நூல் பஞ்சுபட்ட சேலையில் துளைகள் சிறுத்துவிடுமாம். மிச்சப் பாதிக்கு நெருப்புத்தான் வேண்டும். குமிழ்விட்டுக் கொதித்த பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் வைக்க வேண்டும். கூட வந்த ஆச்சி தேத்தாங்கொட்டை வைத்திருந்தா. கல்லில் உரைத்துக் கலக்கினால் சேறு அடியில் படியும். தெளிந்துவிட்டதென்று அப்படியே குடிக்கக் கூடாது, அதையும் கொதிக்கவைக்கத்தான் வேண்டும்.

அந்தப் பிழையைத்தான் எங்களில் இளையவள் செய்தாள். மூன்றாம் நாள் வெயிலில், பாறைக் குழியில் கண்ணாடி போல் கிடந்த நீரைக் கையால் அள்ளிக் குடித்துவிட்டாள். இரவு வயிற்றோட்டம். யானை நடமாடும் காடு. அவள் எழும்பும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் மூவரும் ரோச் லைற்றுடன் எழும்பினோம். கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஒரு ஜீவனிப் பொதியைக் கரைத்து, மிடறு மிடறாகப் பருக்கினேன். இருந்தது இரண்டு பொதி. அதுவும் முடிந்தபின் ஒரு லீற்றருக்கு ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டும் தலைதட்டி.

"திரும்பிப் போவமா?" என்று ஆச்சி கேட்டா. காணாமற்போன கணவனுக்காக நடக்கிறவள் அவள். பதில் சொல்லவில்லை. திரும்புவதென்றாலும் அதே அளவு காடுதான். விடியச் சிறுநீர் போனதாகச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவள் பையைப் பிரித்து மூவரும் சுமந்தோம். அன்று அரைத் தூரந்தான் நடந்தோம்.

மாணிக்க கங்கையில் அவள் நெடுநேரம் முழுகினாள். நான் பழைய சேலையை அலசிக் கரையில் காயப்போட்டேன். "அம்மா, அந்தக் கிழிசலை ஆத்தில விட்டிட்டுப் போங்கோ" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு சாமி. காய்ந்ததும் மடித்துப் பைக்குள் வைத்தேன்.