முடிசூடும் பெருமாளும் முத்துக்குட்டியும்

சுசீந்திரத்துச் சாமியின் பெயருக்குள் மூன்று தெய்வங்கள் இருக்கிறார்கள். தாணு சிவன், மால் திருமால், அயன் பிரமன். தாணுமாலயன் என்று ஆசையாக மகனுக்குப் பெயர் வைக்கும் வீட்டில், தொட்டில் கட்டிய சூடு ஆறுவதற்குள் மாலும் அயனும் விலகிவிடுவார்கள். தாணு மட்டும் மிஞ்சுவார். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல அது. கூப்பிடுகிற வாய் தானாகச் செய்துகொள்கிற காரியம். பேத்திக்குப் பெயர் தேடத் தொடங்கியதிலிருந்து இந்த விஷயம் என்னை விடவே இல்லை. முழுப்பெயரை நாம் வைக்கிறோம். வீட்டுப்பெயரை யார் வைக்கிறார்கள்?

எங்கள் பக்கத்துப் பழைய பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கோவில் இருக்கும். பூதலிங்கம் என்றால் பூதப்பாண்டி. நீலகண்டன் என்றால் கல்குளம். கேசவனுக்குத் திருவட்டாறு, அழகம்மைக்கு வடிவீஸ்வரம், இசக்கிக்கு முப்பந்தல். தேரூரில் 1876இல் பிறந்த கவிமணியின் தந்தை சிவதாணுப்பிள்ளை; மகனுக்கு வாய்த்ததோ கோட்டாற்றுப் பிள்ளையாரான தேசிகவிநாயகரின் பெயர். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணரின் தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கியம்மாள். சுடலைக்கும் இசக்கிக்கும் பிறந்த பிள்ளை கிருஷ்ணன்! என்.எஸ்.கே. என்ற மூன்று எழுத்துக்குள் நாகர்கோவிலும் சுடலைமாடனும் கண்ணனும் சண்டையில்லாமல் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

பெயரைச் சோதிக்க எனக்கு ஒரு வழிதான் தெரியும். புறவாசலில் நின்றுகொண்டு, குளத்தங்கரையில் விளையாடும் பிள்ளைக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். தாணூ என்று நீட்டலாம். இசக்கீ என்று நீட்டலாம். பகவதீ என்றால் அடுத்த தெருவும் திரும்பிப் பார்க்கும். இப்போதைய அஜின், அபின், ஜெபின் எல்லாம் மெய்யெழுத்தில் நின்றுவிடுகின்றன. குரல் போய் முட்டுகிறது. ஆனாலும் அம்மாக்கள் விடுவதில்லை. கிழக்கே ஒரு ‘மக்கா’வையும் மேற்கே விளவங்கோட்டுப் பக்கம் ஒரு ‘மோனே’யையும் சேர்த்துக்கொண்டு, நீட்ட வேண்டியதை அதில் நீட்டிக்கொள்கிறார்கள்.

என் பாட்டி, பாட்டாவின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. கணவன் பெயரைச் சொல்லக்கூடாத காலம். அந்தப் பெயரையே மூத்த பேரனுக்கும் வைத்தார்கள். அவனை அவள் கடைசிவரை ராசா என்றுதான் கூப்பிட்டாள். ஊரெல்லாம் வேறு பெயரில் அறிந்த ஒருவனை, ஒரே ஒரு வாய் மட்டும் ராசா என்றது. அவள் போன பிறகு அந்தப் பெயரில் அவனைக் கூப்பிட ஆளில்லை. செல்லப்பெயர் பிள்ளையைவிடக் கூப்பிடுகிறவருக்கே அதிகம் சொந்தம் என்று அப்போதுதான் தோன்றியது.

உடன்பிறந்தாரின் பெயர்ப் பொருத்தம் இன்னொரு கவலை. பிந்து என்றால் அடுத்தது சிந்து. ஷிபு என்றால் அடுத்தது ஷைஜு. அப்பா பெயரில் ஓர் எழுத்து, அம்மா பெயரில் ஓர் எழுத்து எடுத்துக் கோத்துப் புதிதாக ஒன்றை உண்டாக்குவதும் எங்கள் மாவட்டத்தில் சாதாரணம். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் ஒருவனைக் கூப்பிட்டால் இருவரும் திரும்புவார்கள். எங்கள் பேரன் பெயர் நிகில். பேத்திக்கு நான் சொன்னது சிவகாமசுந்தரி. “ரெண்டும் சேராதேப்பா” என்றாள் மகள். “நீட்டுப் பேரு வச்சாலும் பள்ளிக்கூடத்துல சுருக்கிருவாவ. அதுக்கு நாமளே சின்னதாட்டு வச்சிருவோமே.”

நியாயமான பேச்சுதான். ஆனாலும் அதைக் கேட்டதிலிருந்து எனக்கு முத்துக்குட்டியின் நினைவாகவே இருக்கிறது.

1809இல், இன்று சாமித்தோப்பு என்று அறியப்படும் ஊரில், பொன்னு நாடாருக்கும் வெயிலாளுக்கும் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். முடி சூடிய திருமால் என்ற எண்ணத்தில் வைத்த, பக்தியான பெயர். மேல்சாதியார் பொறுக்கவில்லை. இந்தச் சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளுமா என்று எதிர்த்தார்கள். அன்றைய திருவிதாங்கூரில் தலைப்பாகை கட்டவும், தோளில் சீலை போடவும் கூட அந்த மக்களுக்கு உரிமை இல்லை. பெயர் மட்டும் தப்புமா? பெற்றோர் மாற்றினார்கள். பிள்ளை முத்துக்குட்டி ஆனான்.

முத்துக்குட்டி! எவ்வளவு இனிமையான பெயர். எந்த வீட்டிலும் மடியில் கிடக்கும் குழந்தையை அப்படிக் கொஞ்சத் தோன்றும். முடிசூடும் பெருமாளாகவே அவன் வளர்ந்திருந்தாலும் வெயிலாள் அவனை முத்துக்குட்டி என்று கூப்பிட்டிருக்கக்கூடும். அந்தப் பெயரில் ஒரு குறையும் இல்லை. பின்னால் இருந்த பெரிய பெயரைப் பிடுங்கிவிட்டு, இது போதும் உனக்கு என்று சொன்னதில்தான் கொடுமை இருக்கிறது. தாய் சொன்னால் கொஞ்சலாகும் சொல், அதிகாரம் உள்ளவன் சொன்னால் அளவு வெட்டுவதாகிவிடுகிறது. வாழ்நாள் முழுதும் குட்டி, குஞ்சன் என்றே இருந்துவிடச் சொல்வது ஒரு மனிதனை வளரவிடாமல் வைப்பதுதான்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, 1833இல் திருச்செந்தூரிலிருந்து திரும்பியபோது வைகுண்டர் என்ற பெயரோடு வந்தார். அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது, பிறகு விடுவித்தது. தம் மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார் அவர். இன்றும் அவர் வழியினரின் வழிபாட்டிடங்களான பதிகளில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் நிற்கிறார்கள். எதிரே கண்ணாடி. முடி சூடக்கூடாது என்று ஒரு குழந்தையின் பெயரை வெட்டினார்கள். அந்தக் குழந்தை ஒரு சமூகத்தையே தலைகட்டி, தன் முகத்தைத் தானே பார்த்து நிற்க வைத்தது. நாஞ்சில் நாட்டில் ஒரு பெயருக்காக நடந்தவற்றில் இதைவிடப் பெரிய கதை எனக்குத் தெரியாது.

இந்த மண்ணில் பெயர் மாறியவர்கள் அநேகம். நட்டாலத்து நீலகண்டபிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்; 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்; 2022இல் அந்தப் பெயரிலேயே புனிதராக அறிவிக்கப்பட்டார். பூதப்பாண்டியில் 1907இல் குலதெய்வத்தின் பெயரோடு பிறந்த சொரிமுத்து, ஜீவானந்தம் ஆகி, தனித்தமிழ்ப் பற்றில் சிலகாலம் உயிரின்பன் ஆகி, மறுபடி ஜீவானந்தமே ஆனார். தோழர்கள் அவரை ஜீவா என்றார்கள். தேவசகாயமும் ஜீவானந்தமும் அவர்கள் தாமே தேடிக்கொண்ட பெயர்கள். யாரும் வெட்டிக் கொடுத்தவை அல்ல. ஜீவா என்று சுருக்கியதில் அன்பைத் தவிர எதுவும் இல்லை.

ஆகவே மகளிடம் சொன்னேன்: சுருக்குவது உலகத்தின் வேலை, அதை நாம் முந்திக்கொண்டு செய்ய வேண்டாம். பெரிய பெயர் பல வாசல் உள்ள வீடு. சிவகாமி, சிவா, சுந்தரி, சுந்து என்று அவரவர் தம் வாசலால் வருவார்கள். அலுவலகத்தில் ஒரு பெயர், தோழிக்கு ஒரு பெயர், வயதான பிறகு பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பெயர் என்று அவளே எடுத்துக்கொள்வாள். நாம் சுந்து என்று மட்டும் பதிந்துவிட்டால், பின்னாளில் அவளுக்கு நீள ஆசை வந்தால் எங்கே போவாள்? நிகிலோடு சேருமா என்ற கவலையும் வேண்டாம். இசக்கி வீட்டில் கிருஷ்ணன் வளரவில்லையா?

அவசரமும் இல்லை. பிறப்பைப் பதிந்துவிட்டு, பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டுவரை சேர்க்கலாம். எந்தச் சாதிக்காரர் எந்தப் பெயரைக் கொண்டுபோனாலும் எழுதிக்கொடுக்க வேண்டியது அலுவலரின் கடமை. வெயிலாளுக்குக் கிடைக்காத அந்த உரிமை என் மகளுக்குக் கிடைத்திருக்கிறது. சிவகாமசுந்தரியோ வேறொன்றோ, அவள் விருப்பம். ஆனால் எதைத் தேர்ந்தாலும் முழுசாக எழுதிக் கொடுக்கட்டும்.