ஆகாயப் பிரதட்சிணம்

தஞ்சாவூர்ச் சீமையில் அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் நாட்களில், வெயில் ஏற ஏறப் பருந்துகள் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையை அடிப்பதே இல்லை. விரித்தது விரித்தபடி வட்டமிட்டு, மேலே மேலே போய், கடைசியில் புள்ளியாகிவிடும். சுட்ட தரையிலிருந்து காற்று தூண் மாதிரி எழும்புகிறது. பருந்து அதில் ஏறிக்கொள்கிறது. கூலி கேட்காத பல்லக்கு.

எஞ்சின் இல்லாத கிளைடரும், துணிக்குடையில் தொங்கிப் பறக்கிற பாராகிளைடரும் இந்தத் தூணை நம்பித்தான் பிழைக்கின்றன. 'தெர்மல்' என்று அதற்குப் பெயர். எனக்கு ஏணியில் ஏறினாலே தலை சுற்றும். ஆனாலும் இந்த மனிதர்களைப் பற்றிப் படிப்பதில் அலாதி ஆசை. தெர்மல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தேடுகிறவன், யாராவது சுற்றுகிறார்களா என்று பார்க்கிறான். ஒருவன் ஏறுவது தெரிந்தால் நாலு பேர் வந்துவிடுவார்கள். அத்தனை பெரிய ஆகாயம் சும்மா கிடக்க, எல்லாரும் ஒரே தூணுக்குள்!

ஊருக்குத் தெற்கே 2013-ல் விமானப்படைத் தளம் திறந்தார்கள். 2020 ஜனவரியில் சுகோய் விமானப் பிரிவும் வந்தது. அவற்றுக்கு வழி சொல்லக் கோபுரம் உண்டு. தெர்மலுக்குள் அப்படி யாரும் கிடையாது. அவரவர் கண்தான் கோபுரம்.

ஆகவே சில முறைகள் வைத்திருக்கிறார்கள். முதலில் வந்தவன் எந்தப் பக்கம் சுற்றுகிறானோ, பின்னால் வருகிறவனும் அந்தப் பக்கமே சுற்ற வேண்டும். பெரிய கோயில் பிரகாரத்தில் எத்தனை கூட்டமானாலும் ஜனங்கள் முட்டிக்கொள்ளாமல் நடப்பது எல்லாரும் வலமாகப் போவதால்தானே? ஒரே வட்டத்தில் இருவர் எதிரெதிராகச் சுற்றினால், சுற்றுக்கு இரண்டு முறை நேருக்கு நேர் வந்தாக வேண்டும். அதுவும் மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில். உள்ளே நுழைவதும் குறுக்கே புகுந்தல்ல. வெளி ஓரமாக வந்து, இருக்கிறவனுக்கு எதிர்ப்புறத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும். ராட்டினத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்த குழந்தைகளைப்போல, ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்க வேண்டும்.

மேலும் கீழுமாக நெருங்கும்போதுதான் சங்கடம். கிளைடரில் மேலே இருப்பவனுக்குத் தன் காலடியில் வருகிறவன் தெரியமாட்டான். பாராகிளைடரில் கீழே இருப்பவனுக்கு அவன் குடையே தலைக்கு மேலிருப்பதை மறைத்துவிடும். கீழே இருப்பவன் வேகமாக ஏறினால் போயிற்று. ஏறும் வேகத்தைச் சொல்லும் கருவி ஒன்று உண்டு. அதைச் சத்தம் எழுப்பும்படி செய்திருப்பதே, கண் முள்ளைப் பார்த்துக்கொண்டிராமல் வெளியே பார்க்கட்டும் என்பதற்காகத்தான். 2004-ல் ஸ்விட்சர்லாந்தில் 'ஃப்ளார்ம்' என்ற கருவியும் வந்தது. தன் இடத்தை ரேடியோவில் அறிவித்து, மோதும்போலிருந்தால் எச்சரிக்கும். பக்கத்தில் பறப்பவனிடமும் அது இருந்தால்தான் பிரயோஜனம்.

இமாசலப் பிரதேசத்தில் பீர் என்ற மலையூர், பாராகிளைடர்க்காரர்களுக்கு ஒரு க்ஷேத்திரம். 2015-ல் அங்கே உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது. 2024 அக்டோபரில் அந்த வானத்தில் இருவர் மோதிக்கொண்டார்கள். தனித்தனியாகக் கிளம்பியவர்கள். பெல்ஜியத்திலிருந்து வந்தவர் இறந்துபோனார். மற்றவர் காயத்தோடு தப்பினார்.

எனக்கு மனசு ஆறவில்லை. வாய்க்கால் தண்ணீருக்கு அடித்துக்கொள்வதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது. மேல்மடைக்காரன் எடுத்தால் கடைமடைக்குக் குறைகிறது. எழும்புகிற காற்றில் பத்துப் பேர் ஏறினாலும் யார் பங்கும் குறைவதில்லை. பறிகொடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் உயிரைப் பறிகொடுக்கிறோம்.

அவர்களிடம் கடைசியாக ஒரு முறை உண்டு. கூடச் சுற்றுகிறவன் எங்கே என்று தெரியாமல் போய்விட்டால், தெர்மலை விட்டே வெளியேறிவிட வேண்டும். நன்றாக ஏறிக்கொண்டிருக்கிற சமயத்தில் அதை விட்டு விலகுவதற்குத்தான் நிரம்பப் பயிற்சி வேண்டும் என்று தோன்றுகிறது.