வெந்நீர்த் தொட்டி

மாணவர்க்குப் புணர்ச்சி விதி கற்பிக்கும்போது, தண்மை + நீர் = தண்ணீர் என்றும், வெம்மை + நீர் = வெந்நீர் என்றும் கரும்பலகையில் எழுதுவது எமது வழக்கம். உடனே பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, "அப்படியானால் சுடுதண்ணீர் என்பது என்ன, சேர்?" என்று வினவுவான். வகுப்பு நகைக்கும். குளிர்ந்த நீருக்குரிய பெயரைக் கொதிக்கின்ற நீருக்கும் இட்டு வழங்குவது நமது நாடு. வெயில் காயும் யாழ்ப்பாணத்திலே நீர் என்றாலே தண்ணீர்தான். வெந்நீர் நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உரியது. இத்தகைய நாட்டிலே, வெந்நீர்த் தொட்டி ஒன்றைப் புதிதாக வாங்குவதா, பழைய தொட்டியைத் திருத்துவதா என்னும் வினா எமது இல்லத்தில் எழுந்தது. அவ்வரலாறு பிறர்க்கும் பயன்படக்கூடும் என்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

எமது அன்னையார் 75 வயதைக் கடந்தவர். முழங்கால் மூட்டு நோயினால் நெடுநாளாக வருந்துகின்றவர். காலையில் எழுந்து காலை நீட்டி மடக்குவதற்கே அரை மணி நேரம் வேண்டும். அண்மையிலுள்ள கோயிலுக்குச் செல்வதும் நின்றுபோயிற்று. நோயினும் அதுவே அவருக்குப் பெருந்துயராயிற்று. கனடாவில் வாழும் எமது இளைய சகோதரர் இக்கல்லூரியின் பழைய மாணவர். அவர் இதனைக் கேள்வியுற்று, இயந்திரம் பூட்டிய வெந்நீர்த் தொட்டி ஒன்றை வாங்கித் தருவதாகச் சென்ற ஆண்டு தெரிவித்தார்.

அயலவர் சிலர் இதனை ஆடம்பரம் என்று நகைத்தனர். யாம் நகைக்கவில்லை. இத்தகைய தொட்டியின் வரலாறு ஒரு தந்தையின் துயரிலே பிறந்தது. இத்தாலியிலிருந்து அமெரிக்காவிற் குடியேறி, நீரிறைக்கும் இயந்திரங்கள் செய்து வாழ்ந்தவர்கள் ஜக்கூசி சகோதரர்கள். அவருள் ஒருவராகிய கன்டிடோ என்பவரின் மைந்தன் குழந்தைப் பருவத்திலேயே மூட்டுவாதத்துக்கு ஆளானான். மருத்துவமனையில் அவனுக்குக் கிடைத்த நீர்ச் சிகிச்சை வீட்டிலும் கிடைத்தல் வேண்டும் என்று கருதி, சாதாரணக் குளியல் தொட்டியினுள் இறக்கி நீரைச் சுழலச் செய்யும் சிறு இயந்திரத்தை அவர்கள் ஆக்கினர். அது 1956ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அக்குடும்பத்தவரான ரோய் ஜக்கூசி என்பவர் 1968ஆம் ஆண்டில் தொட்டியையும் இயந்திரத்தையும் ஒன்றாக்கினார். செல்வர் மாளிகைக்குரிய பொருளாக இன்று எண்ணப்படுவது, நோயுற்ற ஒரு பிள்ளைக்காகவே முதலில் எண்ணப்பட்டது. அன்று தந்தை மகனுக்காக நினைந்ததை இன்று மகன் தாய்க்காக நினைந்தார். இதில் நகைப்பதற்கு யாதுளது?

எனினும், அன்பு வேறு; பொருத்தம் வேறு. நால்வர் அமரத்தக்க தொட்டி 1,000 லீற்றருக்கு மேற்பட்ட நீரைக் கொள்ளும். அந்நீரின் நிறை மட்டுமே ஒரு தொன்னுக்கு மேலாகும். அந்நீரை நாள்தோறும் மாற்றுவதில்லை. வடித்துச் சூடேற்றிக் குளோரீன் இட்டு, மாதக் கணக்காக வைத்திருப்பர். இளஞ்சூடு மனிதருக்கு இதமாவது போலவே நோய்க்கிருமிகளுக்கும் இதமானது. ஆதலின் மருந்தின் அளவை இடையறாது சோதித்தல் வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் அக்காவல் குலையும். மேலும், நமது கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலே ஊறிய நீர். கேத்தில் அடியில் வெண்படலம் படிவதை எல்லா இல்லத்தரசிகளும் அறிவர்; அதே படலம் தொட்டியின் சூடேற்றியிலும் படியும். இறுதியில் வெளியேற்றும் குளோரீன் நீரை வாழைக்குப் பாய்ச்சவும் மனம் துணியாது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டிலே, மழை தந்த நிலத்தடி நீரே நமது முழுச் செல்வம் என்பதை மறத்தலாகாது.

அன்னையாரோ இக்கணக்குகளை எல்லாம் கேட்க விரும்பவில்லை. அவர் அறிந்த வெந்நீர் கன்னியா வெந்நீர். எம் தந்தையாரின் கிரியைகளுக்காகத் திருகோணமலைக்குச் சென்றபோது, அங்குள்ள ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளி வார்த்துக் குளித்தவர். "கிணற்றடியிலை கிடக்கிற தொட்டிக்கு என்ன குறை? அதைப் பூசித் தா, தம்பி, காணும்" என்றார்.

குறை இருந்தது. எமது பாட்டனார் கட்டிய அத்தொட்டி, துலாவால் இறைத்த நீரை நிரப்பிக் குளிப்பதற்கும், எஞ்சியதை வாய்க்கால் வழியே வாழைக்கு விடுவதற்கும் அமைந்தது. விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர் இத்தகைய தொட்டியை நன்கு அறிவர். 1995ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, மறு ஆண்டு திரும்பி வந்தபோது, அதன் சுவரிலே அரசங்கன்று ஒன்று வேர்விட்டிருந்தது. அன்று வெட்டினோம், வெட்ட வெட்டத் தளிர்த்தது. நாளடைவில் சுவர் பிளந்தது.

மேசன் முதலிற் சீமெந்தைத் தொடவில்லை. ஒரு பக்கத்துக் கல்லைப் பெயர்த்து, வேரை முழுவதும் தோண்டி எடுத்தார். "வேர் கிடக்கப் பூசினால் பூச்சுக்குத்தான் செலவு" என்பது அவர் வாக்கு. பின்னர் வெடிப்பை அகலக் கொத்தி, கழுவி நனைத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அடைத்தார். பத்து நாள் ஈரச்சாக்கு மூடி, காயவிடாமற் காத்தோம். அதன்பின் தொட்டியை நிரப்பி, நீர் மட்டத்தைக் கரியாற் குறித்து, அருகிலே நீர் நிறைந்த வாளி ஒன்றையும் வைத்தோம். மறுநாள் வாளியில் அரை விரல் நீர் குறைந்திருந்தது. அது வெயில் கொண்டது. தொட்டியில் இரண்டு விரல் குறைந்திருந்தது; மிகுதி ஒழுகியது. அடிக்குழாயின் விளிம்பைத் திருத்தியபின் இரண்டும் ஒத்தன. புதுச் சீமெந்தின் காரம் நீங்க, முதல் நீர்களைக் கொட்டிவிட்டோம்.

தொட்டி முழுவதையும் சூடாக்குதல் இயலாதாகையால், குறுக்குச்சுவர் இட்டு 300 லீற்றர் கொள்ளும் சிறு பகுதி ஒன்றை ஒதுக்கினோம். அதனுள் ஓர் இருக்கையும், இறங்கப் படியும், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் அமைந்தன. 28 பாகை செல்சியஸ் உள்ள கிணற்று நீரை 38 பாகை ஆக்க, ஏறக்குறைய 45 லீற்றர் கொதிநீர் வேண்டும் என்று எமது கணித ஆசிரிய நண்பர் கணக்கிட்டார். ஊமலும் பனம்மட்டையும் எரித்துக் கிடாரத்தில் அதனைக் காய்ச்சுகின்றோம். கொதிநீரை முதலில் ஊற்றிக் கலக்கி, வெப்பமானியாற் பார்த்த பின்னரே அன்னையார் இறங்குவார். அவர் இருக்கும்போது ஒரு துளி கொதிநீரும் வார்ப்பதில்லை. 40 பாகையைத் தாண்டுவதில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் இருப்பதுமில்லை. இரத்த அழுத்தம் உடையவராகையால், மருத்துவரின் அனுமதியை முன்னரே பெற்றோம். முடிந்ததும் நீர் வாழைக்குச் செல்லும்.

நோய் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். முதுமை தந்த தேய்வை வெந்நீர் திருப்பித் தராது. ஆயினும் விறைப்பு இளகுகின்றது. வெள்ளிக்கிழமைகளில் எமது கையைப் பற்றிக்கொண்டு கோயிலுக்குச் சென்று, வீதியை ஒருமுறை வலம் வருகின்றார். சகோதரர் அனுப்பிய பணத்திற் சிறு பகுதியே செலவாயிற்று. எஞ்சியதை என்செய்வது என்று கேட்டபோது, விமானச்சீட்டு வாங்குமாறு அன்னையார் கூறினார். ஆடி மாதம் வந்து நின்ற மூன்று வாரமும் அடுப்பெரிக்கும் பணியைச் சகோதரரே மேற்கொண்டார்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர் பெற்றோருக்காகப் பல பொருள்களை வாங்கி அனுப்புகின்றனர். அவ்வன்பு போற்றற்குரியது. வெந்நீர்த் தொட்டியேயாயினும் பிறிதொன்றாயினும், வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புக: இதற்கு நீர் எங்கிருந்து வரும்? அந்நீர் பின்னர் எங்கே போகும்? இதனுள் இறங்கும் முதியவரின் அருகே யார் நிற்பார்? முதலிரண்டுக்கும் மேசனும் கணித ஆசிரியரும் விடை கூறுவர். மூன்றாவதற்கு வீட்டிலுள்ளார் மட்டுமே விடை கூறல் கூடும்.