புகைப்புரையில் தொங்கவிட்டது

அப்பாவின் பட்டாளத்து பூட்ஸை நான்தான் கெடுத்தேன். கடைசி மூன்று மாதம் அதைப்பற்றி அவரிடம் சொன்னதெல்லாம் பொய்.

புதுக்கடையில் 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச்சூடு நடந்தபோது அப்பாவுக்கு எட்டு வயது. திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று திரண்ட கூட்டத்தைச் சுட்ட நாள். ரோட்டில் ஓடிவந்த போலீஸ் பூட்ஸின் சத்தத்தை ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரே பூட்ஸ் போட்டார், வெலிங்டனில், மதராஸ் ரெஜிமெண்டில். ஓய்வுபெற்று வந்தபோது டிரங்குப் பெட்டியில் அந்த ஒரு ஜோடியும் வந்தது. கணுக்கால் மூடும் கறுப்புத் தோல், தோல் சோல், அடியில் ஆணி, குதிகாலில் இரும்பு லாடம். இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போகும்போது அதைத்தான் போடுவார். சருகுக்குள் விரியன் கிடக்கும் என்ற பயம் அவருக்கு உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் பூட்ஸுக்கென்றே ஒதுக்கிய நேரம். லேஸைக் கழற்றி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, ஆணிகளுக்கிடையில் இருக்கும் மண்ணை ஈர்க்குச்சியால் கிண்டி எடுப்பார். ஈரமிருந்தால் பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து, திண்ணை நிழலில் சாய்த்து வைப்பார். பேப்பர் நனைந்ததும் மாற்றுவார். ஒருநாளும் வெயிலில் வைத்ததில்லை. முக்கால் ஈரம் போனதும் மார்த்தாண்டத்தில் வாங்கிய தேன்மெழுகை ஆமணக்கெண்ணெயில் உருக்கி, விரலாலேயே தேய்ப்பார். விரல் சூட்டில்தான் மெழுகு தோலுக்குள் இறங்குமாம். சோலும் மேல்தோலும் சேரும் தையலில் மட்டும் இரண்டு தடவை. தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். தேங்காய் எண்ணெய் வீட்டில் குடம்குடமாக இருந்தும் தொடமாட்டார். சிக்கு வாடை வந்துவிடும் என்பார்.

சித்திரையில் பக்கவாதம் வந்து படுத்தார். “மக்களே, இடவப்பாதி மழைக்கு முன்னே மெழுகு காட்டி வச்சிரு, கேட்டியா?” என்றார். சரி என்றேன். இருபது நிமிஷ வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். மழை தொடங்கிய அன்று, சேறு அப்பியிருந்ததை அப்படியே பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, மச்சில் ஏற்றினேன். துணியில் சுற்றியிருந்தாலாவது தோல் மூச்சு விட்டிருக்கும்.

ஆடியில் பையைத் திறந்தேன். பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் படர்ந்து பூட்ஸ் ரோமம் முளைத்த மாதிரி இருந்தது. தையல் நூல் தொட்டதும் இற்றது. ஆணிகளைச் சுற்றி மை கொட்டினாற்போலக் கறுப்பு. சோல் தோலை மரப்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிடுவார்கள். கடுக்காய்த் துவர்ப்போடு இரும்பு ஈரத்தில் சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்தில் எழுத்து மையே அப்படித்தான் காய்ச்சினார்கள். அந்த நிலையிலும் காப்பாற்றியிருக்கலாம். பூஞ்சணத்தைத் துடைத்து, நிழலில் நாலு நாள் ஆறவிட்டு, நூல் மாற்றியிருந்தால் போதும்.

எனக்குப் பயம். அவர் கேட்பதற்குள் காயவேண்டும் என்ற அவசரம். கழுவி, ஈரம் சொட்டச்சொட்டக் கொல்லைப் புகைப்புரைக்குக் கொண்டுபோனேன். ரப்பர் ஷீட்டுக்கு அங்கே 50, 60 டிகிரி சூடு போதும். நான் தொங்கவிட்டது நெருப்புக்கு நேர் மேலே, கீழ்க் கழியில். காய்ந்த தோல் தாங்குகிற சூட்டை நனைந்த தோல் தாங்காது. பட்டையில் பதனிட்டது 70, 80-லேயே சுருங்கத் தொடங்கும். தோல் என்பது நார்ப் பின்னல். நாருக்கும் நாருக்கும் இடையில் எண்ணெய்ப்பசை இருந்தால்தான் வளையும். அது அன்றிரவு ஒழுகிப்போயிருக்க வேண்டும். காலையில் இரண்டும் கருவாடு மாதிரி விறைத்திருந்தன. சோல் வளைந்து மேல்நோக்கித் தூக்கியிருந்தது. வலது பூட்ஸை மடக்கிப் பார்த்தேன், விரல் மடியும் இடத்தில் குறுக்கே டப்பென்று பிளந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அன்றே கேட்டார். நூல் மாற்ற ஜங்ஷனில் தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். அடுத்த வாரம் கேட்டார்; தைக்கிறவருக்குக் காய்ச்சல் என்றேன். பிறகு அவருக்கு நல்ல நூல் கிடைக்கவில்லை என்றேன். ஒரு வார்த்தை கூடச் சந்தேகப்படவில்லை. “வந்ததும் புகைப்புரைப் பக்கம் மட்டும் கொண்டு போகாதே, மக்களே. தோலு செத்துப்போவும்” என்றார், குழறிக் குழறி.

புரட்டாசியில் ஒருநாள் கூப்பிட்டு, அசைவிருந்த இடது கையால் தலையணைக்கடியில் துழாவி இரண்டு நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். தையல்கூலி. நான் வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசியில் போய்விட்டார். அந்த இருநூறை எதற்குச் செலவழித்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.