கறுப்பு நூல்

வெள்ளைச் சட்டை, கைப்பொத்தான் மட்டும் கறுப்பு நூலால் தைத்திருந்தது. சிகாகோ பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணில் பட்டது. ஆராதனை முடிந்து எல்லாரும் காபி குடிக்கும் கூடத்தின் மூலையில் மேசை போட்டு, அந்தச் சபையின் நர்ஸம்மா பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்குப் பொத்தானை அவிழ்க்க விரல் வணங்கவில்லை. நர்ஸம்மா கை நீட்டவில்லை, பொறுமையாக இருந்தார். பொத்தான் அவிழ்ந்ததும், "நீங்களே தைத்தீர்களா?" என்று கேட்டார். பெரியவர் தலையாட்டினார். வீட்டில் ஊசி எடுத்துக்கொடுக்கக்கூட ஆளில்லை என்றார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன். பட்டையில் காற்று ஏறத் தொடங்கவே பத்து நிமிஷம் ஆயிற்று.

சபைக்கென்று ஒரு நர்ஸ் என்ற இந்த ஏற்பாடு பிறந்ததும் அந்தப் பக்கத்தில்தான். லுத்தரன் போதகர் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் முதலில் டாக்டர், நர்ஸ், போதகர் மூவரையும் ஆலயக் கட்டடங்களில் சேர்த்து உட்கார வைத்துப் பார்த்தார். செலவு கட்டுப்படியாகவில்லை. ஆனால் மருத்துவத்தின் பேச்சும் மனசின் பேச்சும் புரிந்தவர் நர்ஸ்தான் என்று கண்டுகொண்டார். 1980களின் நடுவில், பார்க் ரிட்ஜ் லுத்தரன் ஜெனரல் மருத்துவமனையின் துணையோடு ஆறு நர்சுகள் சபைகளில் வேலை தொடங்கினார்கள். பொதுவாக அவர்கள் ஊசி போடுவதில்லை. டாக்டர் சொன்னதை விளக்குவார்கள், எங்கே போகவேண்டும் என்று வழிகாட்டுவார்கள், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள், கேட்டால் கூட இருந்து ஜெபிப்பார்கள்.

வேர் இன்னும் பழையது. ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் 1833-ல் போதகர் தியோடர் ஃபிளீட்னர், சிறையிலிருந்து வந்த பெண்களுக்குத் தன் தோட்டத்துச் சிறு வீட்டைத் திறந்துவிட்டார். 1836-ல் அதே ஊரில் மருத்துவமனையும், டீக்கனஸ் எனப்படும் சபை ஊழியப் பெண்களுக்கான பயிற்சியும் வந்தன. 1851-ல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே போய்ப் பயின்றார். ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்!

மருத்துவமனை நம்மை நோயாளியாகத்தான் சந்திக்கிறது. சபையோ நல்ல நாளிலும் நம்மைப் பார்த்திருக்கிறது. யார் எந்தப் பெஞ்சில் உட்காருவார், யார் நடை தளர்ந்தது, எந்த இடம் காலியானது என்பதெல்லாம் அங்கே வாராவாரம் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கேயே இருப்பது பெரிய பாக்கியம்.

பெரியவர் எழுந்தார். சட்டைக்கை தொங்கியது. அவிழ்க்கும்போது காத்திருந்த நர்ஸம்மா, இப்போது "மாட்டிவிடட்டுமா?" என்று கேட்டார். பெரியவர் கையை நீட்டினார்.